சோலையப்பனும் கறுத்துப் போன பாதிப் பக்கமும்

சவுதியில், ஜுபைலில் எங்கள் தொழிலாளர் கேம்ப்புக்குப் புதிதாக ஒரு ஆள் வந்து இறங்கினால், அவர் பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளுவதற்கு முன்பே சோலையப்பன் அண்ணன் டீ டம்ளரோடு எதிரில் நிற்பார். மூன்றே கேள்விகள்தான் கேட்பார். ஊர் எது, குலசாமி எது, அப்பனைப் பெற்ற தாத்தா பேர் என்ன. டீ ஆறுவதற்குள் வந்தவர் யாருக்குப் பங்காளி, யாருக்கு மாமன் என்று சொல்லிவிடுவார். சம்பந்தமே இல்லாத ஆளாக இருந்தால் ஊர்முறையில் ஏதாவது ஒரு உறவைக் கண்டுபிடித்து ஒட்டவைத்துவிடுவார். பயந்துபோய் வந்திருக்கும் ஆள், அன்றைக்கே ஒருவரை மாமா என்று கூப்பிட்டுக்கொண்டு அவர் தட்டிலேயே சாப்பிடுவதை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன்.

அண்ணனோடு ஒரே ரூமில் மூன்று வருடம் இருந்தவன் நான். அவரைப் பற்றி யாராவது எழுத வேண்டும். வேறு யாரும் எழுதப் போவதில்லை, அதனால் எழுதுகிறேன்.

சிவகங்கை மாவட்டம், காளையார்கோவில் பக்கம் ஒரு சிறிய ஊர் அவருக்கு. பத்தாவது பாஸ். தொண்ணூற்றாறில் ஹெல்பர் விசாவில் வந்தவர். சைட்டில் இரண்டு வருடம் பைப் தூக்கினார். பிறகு முதுகு பிடித்துக்கொண்டதால் ஆஃபீஸ் போர்ட்டா கேபினுக்கு மாற்றினார்கள். அங்கே அவருக்கு ஜெராக்ஸ் ரூம். என்ஜினியர்கள் கேட்கும் டிராயிங்கைப் பெரிதாக்குவது, சிறிதாக்குவது, மங்கலாக வந்ததைத் தெளிவாக்குவது, மடித்து அடுக்குவது. மெஷினோடு பேசுவார். "எங்க, நல்ல பிள்ளையா ஒரே தடவைல குடு பாப்போம்" என்பார். அதுவும் கொடுக்கும்.

ஊரில் அவர் குடும்பத்துக்கு ஒரு பொறுப்பு உண்டு. சிவராத்திரிக்குக் குலசாமி கோயிலில் எல்லாப் பங்காளிகளும் கூடும்போது தலைக்கட்டுப் பட்டியல் வாசிப்பார்கள். கல்யாணமான ஒவ்வொரு ஆணும் ஒரு தலைக்கட்டு. நூற்று நாற்பத்திரண்டு பேர். அந்தப் பட்டியலை எழுதிவைப்பது இவர்கள் வீடு. சவுதிக்கு வந்த பிறகும் அண்ணன் அதை விடவில்லை. யாருக்குக் கல்யாணம், யார் தவறினார் என்று போனில் கேட்டுக் கேட்டு, வேண்டாம் என்று எறிந்த பெரிய டிராயிங் தாளின் பின்பக்கத்தில் எழுதி, வருடா வருடம் ஊருக்கு அனுப்பிவிடுவார்.

அவருடைய இந்த வேலையை நாங்கள் முதலில் கிண்டல்தான் செய்தோம். மணிகண்டன் விஷயத்துக்குப் பிறகு யாரும் வாய் திறக்கவில்லை.

மணிகண்டன் சாரம் கட்டும் வேலையில் இருந்தான். அவன் தங்கை நாகஜோதிக்கு மாப்பிள்ளை பார்த்து முடிவாகி, எல்லோருக்கும் பேரீச்சம்பழம் வாங்கிக் கொடுத்தான். மாப்பிள்ளை பரமக்குடி பக்கம். அண்ணன் பழத்தை வாயில் போடாமல் கையிலேயே வைத்துக்கொண்டு கேட்டார்.

"மாப்பிள்ள வீட்டுக் குலசாமி எது?"

மணிகண்டன் சொன்னான். அண்ணன் பழத்தைத் திரும்பக் கொடுத்துவிட்டார்.

"அங்க வேற பேரு சொல்றாய்ங்க, ஆனா உங்க சாமியும் அதான்டா. பஞ்சத்துல பொழைக்கப் போன ஆறு வீட்டுல ஒரு வீடு அது. நாலு தலைமொறையா கோயிலுக்கு வரல, அம்புட்டுதான். அவன் உனக்குப் பங்காளி."

"பத்திரிகை அடிச்சாச்சுண்ணே. இப்ப வந்து சொல்றீங்க?"

"அடிச்ச பத்திரிகைய அடுப்புல போடு. தங்கச்சிய அண்ணனுக்கா கட்டிக் குடுப்ப?"

ஒரே குலசாமி என்றால் ஒரே ரத்தம், அண்ணன் தங்கை முறை. மணிகண்டன் ஒரு வாரம் அவரோடு பேசவில்லை. அவன் அப்பா கோயிலுக்கே போய்ப் பூசாரியிடம் விசாரித்தார். அண்ணன் சொன்னது அப்படியே சரி. நாகஜோதிக்கு வேறு இடத்தில் கல்யாணம் ஆனது. நன்றாக இருக்கிறாள். முதல் பிள்ளை பிறந்தபோது மணிகண்டன் பேரீச்சம்பழ டப்பாவோடு முதலில் வந்து நின்றது அண்ணனிடம்தான்.

இப்படிப்பட்ட ஆளிடம்தான் 2006 பிப்ரவரியில் க்வின் சார் ஒரு கவரைக் கொண்டுவந்து கொடுத்தார்.

டோனல் க்வின், பைப்பிங் இன்ஸ்பெக்டர், அயர்லாந்துக்காரர். அறுபதை நெருங்கியவர். யாரிடமும் அதிகம் பேச மாட்டார். வெல்டிங்கில் ஊசிமுனை ஓட்டை இருந்தாலும் கண்டுபிடித்துவிடுவார் என்பதால் சைட்டில் எல்லோருக்கும் அவரைக் கண்டால் நடுக்கம். அண்ணனோடு மட்டும் உட்கார்ந்து, அவர் தரும் வறுத்த கடலையைக் கொறித்தபடி டீ குடிப்பார். இருவரும் பேசியது உடைந்த இங்கிலீஷில். நான் தமிழிலேயே எழுதிவிடுகிறேன்.

கவருக்குள் இருந்தவை அவர் ஊர்ச் சர்ச்சின் பழைய பதிவேட்டு நகல்கள். மேயோ என்ற மாவட்டத்தில் கில்டாரா என்கிற சர்ச் பங்கு. நூற்றைம்பது வருடத்துக்கு முன்னால் பங்குச்சாமியார் கையால் எழுதிய ஞானஸ்நானப் பதிவுகள், கல்யாணப் பதிவுகள். ஃபிலிமிலிருந்து எடுத்த நகல் என்பதால் இடது பாதி வெளுத்து எழுத்தே தெரியவில்லை. வலது பாதி, புத்தக மடிப்பின் நிழல் விழுந்து கரியாக இருந்தது.

"இதைப் படிக்கிற மாதிரி ஆக்க முடியுமா, சோலை?"

"ஆக்கலாம் சார். எதுக்கு?"

க்வின் சார் சொன்ன கதை இதுதான். அவருக்கு ஒரு அக்கா, நோரா. கல்யாணம் செய்துகொள்ளாதவர். கேன்சர் முற்றிவிட்டது. டாக்டர்கள் சில மாதம் என்று சொல்லிவிட்டார்கள். நோராவுக்கு ஒரே ஆசை. ஊரின் பழைய கல்லறைத் தோட்டத்தில், மேற்குச் சுவரை ஒட்டி இருக்கும் அம்மாவின் பக்கத்தில் படுக்க வேண்டும். அப்பா இங்கிலாந்துக்கு வேலைக்குப் போய், அங்கேயே செத்து, அங்கேயே புதைக்கப்பட்டவர். அம்மா மட்டும்தான் ஊரில் இருக்கிறார். ஆனால் இடம் பற்றாததால் அந்தத் தோட்டத்தை மூடிவிட்டார்கள். பழைய உரிமை உள்ள குடும்பங்களுக்கு மட்டும் அனுமதி. அம்மா படுத்திருக்கும் இடத்தில் நிற்கும் கல்லில் நாக்கரூ ஊர் பேட்ரிக் டாலி என்ற ஒரே பெயர்தான் இருக்கிறது. இப்போது டாலி என்ற பெயருள்ள ஒரு குடும்பம் அது எங்கள் இடம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறது. தோட்டக் கமிட்டி நோராவிடம் கேட்டது, க்வின் குடும்பத்துக்கும் அந்தக் கல்லுக்கும் என்ன சம்பந்தம், காட்டுங்கள் என்று. மாதக் கடைசி வியாழக்கிழமை கூட்டம். அதற்குள் காட்ட வேண்டும்.

"அது நம்ம இடம்னு அம்மா சொல்லுவாங்க. எப்படின்னு அவங்களுக்கும் தெரியாது" என்றார் க்வின் சார்.

அண்ணனுக்கு முகம் மாறிவிட்டது. அப்பன் வெளிநாட்டில் செத்து அங்கேயே கிடப்பது கேம்ப்பில் யாருக்கும் வெறும் கதை இல்லை. "சார், விடுங்க. இது நம்ம வேலை" என்று கவரை வாங்கிக்கொண்டார்.

மதியச் சாப்பாட்டு நேரம் முழுவதும் மெஷின் ஓடியது. இடது பாதி தெரிய வேண்டுமென்றால் கறுப்பைக் கூட்ட வேண்டும். கூட்டினால் வலது பாதி முழுக்க மையாக அப்பிக்கொள்ளும், டோனர் வீண். இடது பாதியில் தேதி, பிள்ளை பெயர், அப்பா பெயர், ஊர். வலது பாதியில் அம்மா பெயரும், ஞானப்பெற்றோர் பெயரும். அண்ணன் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. வெள்ளைத் தாளை வெட்டி வலது பாதியை மறைத்துவிட்டு எடுத்தார். அவர் பார்த்து வளர்ந்த பட்டியலில் அந்தப் பாதியே கிடையாது.

நான்கு நாளில் டிராயிங் தாளின் பின்பக்கத்தில் க்வின் குடும்பம் வளர்ந்துவிட்டது. டோனல், அவர் அப்பா, தாத்தா பேட்ரிக் க்வின், கொள்ளுத்தாத்தா ஜேம்ஸ் க்வின். ஜேம்ஸ் வெளியூரிலிருந்து வந்தவர். அதற்கு மேல் தாமஸ் க்வின், அவரும் வெளியூர். ஒரு இடத்திலும் டாலி இல்லை. அண்ணன் மூன்று தடவை சரிபார்த்தார். வியாழக்கிழமை சாயங்காலம், வார வேலை முடியும் நேரம், க்வின் சாரை உட்காரவைத்துச் சொன்னார்.

"சார், நீங்க அவங்க பங்காளி இல்ல. அவங்க வேற சாமி, நீங்க வேற சாமி."

க்வின் சார் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். "அப்போ எங்கம்மா ஐம்பது வருஷமா அடுத்தவங்க இடத்துல படுத்திருக்காங்க."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சனிக்கிழமை சாயங்காலம் நோராவுக்கு போன் போடுவேன், அப்போது சொல்லிவிடுகிறேன் என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார். வறுத்த கடலையை எடுக்காமல் போனது அன்றைக்குத்தான்.

அன்று ரூமில் அண்ணன் சாப்பிடவில்லை. "தல வலிக்குதுடா" என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

மறுநாள் வெள்ளிக்கிழமை லீவு. வழக்கம்போல காலை பத்து மணிக்கு கேம்ப் வாசல் போனில் கார்டு போட்டு, ஊரில் பக்கத்து வீட்டு நம்பருக்குக் கூப்பிட்டார். ராக்கம்மா அண்ணி வந்து எடுத்தார்கள். வரிசையில் அடுத்தது நான். அண்ணி குரல் ரிசீவருக்கு வெளியிலும் கேட்கும், அப்படி ஒரு குரல்.

"பட்டியல் வந்துருச்சுங்க, மூத்த வீட்டுல குடுத்துட்டேன். ஏன், கொரலு ஒரு மாதிரியா இருக்கு? காச்சலா?"

"காச்சல் இல்ல ராக்கு. ஒரு வெள்ளக்காரப் பொம்பளைக்கு அவங்க ஆத்தா பக்கத்துல இடமில்லன்னு நானே சொல்லிட்டு வந்துருக்கேன்."

"வெள்ளக்காரப் பொம்பளையா? அது யாரு புதுசா?"

"அட, சாகக் கெடக்குற அம்மா. சொல்றதக் கேளு." முழுக் கதையையும் வேகமாகச் சொன்னார்.

அண்ணி கேட்டார்கள். "அந்தக் கல்லுல இருக்குற மனுசனுக்குப் பொம்பளப் பிள்ளையே இல்லையா?"

"இருந்தா என்ன? கட்டிக் குடுத்துருப்பாக. வேற வீடு."

"ஏங்க, எங்கப்பனுக்குக் கொள்ளி வச்சது யாரு?"

அண்ணி வீட்டில் ஆண் பிள்ளை கிடையாது. மாமனார் பெயரைத்தான் இவர்கள் இரண்டாவது மகனுக்கு முத்துராமன் என்று வைத்திருக்கிறார்கள்.

"நம்ம சின்னவன்தான வச்சான்? எங்கப்பன் பேரு அவன்கிட்டதான இருக்கு? அவரு நெலத்துல நானுதான நின்னு கதிரு அறுக்குறேன்? நூத்தி நாப்பத்திரெண்டு பேரு எழுதுனீங்களே, அதுல நான் எங்க இருக்கேன்?"

"இது வேற, அது வேற ராக்கு."

"ஒண்ணும் வேற இல்ல. நீங்க எழுதலன்னா நாங்க இல்லாமப் போயிருவமா? அந்தச் சாமியாரு உங்கள மாதிரிதான் எழுதுனாரா? பொம்பள பேரே போடலையா?"

"போட்டுருந்தாரு. நான்தான் அந்தப் பாதிய..."

கார்டு தீர்ந்துவிட்டது. அண்ணன் ரிசீவரைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். பின்னால் வரிசையில் இருந்த ஒரு பாகிஸ்தானி டிரைவர், "பாய், ஜல்தி கரோ" என்று அவசரப்படுத்தினார். அப்போதும் நகரவில்லை. நான்தான் கையைப் பிடித்து இழுத்துவந்தேன்.

சனிக்கிழமை விடிவதற்கு முன், ஆஃபீஸ் பெருக்குகிறவர்கள் போகும் முதல் பஸ்ஸில் ஏறிவிட்டார். பாதித் தூக்கத்தில் நானும் கூடப் போனேன். கேபினைத் திறந்து, மெஷின் சூடாகும்வரை நின்றுகொண்டே இருந்தார். வெள்ளைத் தாளை இப்போது இடது பக்கம் வைத்து மறைத்தார். கறுப்பைக் குறைத்தார். இன்னும் குறைத்தார். முதல் நகலில் கரி. இரண்டாவதில் புகை மாதிரி ஏதோ. ஐந்தாவதில், கடைசி அளவுக்கு வெளிச்சம் ஏற்றிய பிறகு, சாம்பல் நிறத்துக்குள்ளிருந்து கோணல் எழுத்து எட்டிப் பார்த்தது.

பிரிட்ஜெட் டாலி.

அடுத்த பிள்ளைக்கு அம்மா பெயர், பிரிட்ஜெட் டாலி. அடுத்ததுக்கும் அதேதான். ஜேம்ஸ் க்வினின் ஆறு பிள்ளைகளுக்கும் அம்மா அவர்தான். "கெடச்சிருச்சுண்ணே" என்றேன்.

"இருடா. டாலின்னு ஊருல பத்து வீடு இருக்கும். இது அந்தக் கல்லுக்காரர் மகதான்னு எப்படிச் சொல்லுவ?"

ஆறு பிள்ளைகளையும் வரிசையாக அடுக்கினார். மூத்தவன் பேட்ரிக். இரண்டாவது தாமஸ். அண்ணன் விரலை அங்கேயே வைத்துக்கொண்டார்.

"இங்க பாரு. அப்பன் ஜேம்ஸு. அவனோட அப்பன் தாமஸு. நம்மூரா இருந்தா மூத்தவனுக்கு என்ன பேரு வைப்ப?"

"அப்பாவோட அப்பா பேரு. தாமஸ்."

"அவிங்களும் அப்படித்தான்டா வச்சிருக்காய்ங்க, இந்தப் பதிவேடு பூரா பாத்துட்டேன். அப்பனப் பெத்த தாத்தன் பேருதான் மூத்தவனுக்கு. இந்த ஒரு வீட்டுல மட்டும் மூத்தவன் பேட்ரிக்கு, தாத்தன் பேரு ரெண்டாவதுக்குப் போயிருச்சு. ஏன்?"

அண்ணனே விரலை ஊர்ப் பெயர்களுக்கு நகர்த்தினார்.

"ஊரப் பாரு. ஆறு பிள்ளையும் பொறந்தது நாக்கரூ. கல்லுல பேட்ரிக் டாலிக்கு எந்த ஊருன்னு போட்டுருக்கு? நாக்கரூ. ஜேம்ஸு வெளியூருக்காரன். பொண்ணு புருசன் வீட்டுக்குப் போகலடா. மாப்பிள்ள பொண்ணு வீட்டுக்கு வந்துருக்கான். வீடு பொண்ணோட அப்பன் வீடு. அதனால மூத்தவனுக்கு அவரு பேரு."

இத்தனையும் சொல்லிவிட்டுத்தான் கல்யாணப் பதிவேட்டுத் தாளை மெஷினில் வைத்தார். இடது பாதியில் ஜேம்ஸ் க்வின், தாமஸ் மகன் என்பது முன்பே தெரிந்தது. வலது பாதிக்கு வெளிச்சம் ஏற்றினார். தாள் சூடாக வெளியே வந்தது. பிரிட்ஜெட், நாக்கரூ பேட்ரிக் டாலியின் மகள்.

அண்ணன் அந்தத் தாளை நெஞ்சோடு வைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

ஏழு மணிக்கு க்வின் சார் ஹெல்மெட்டோடு உள்ளே வந்தார். வீட்டோடு மாப்பிள்ளை என்பதை இங்கிலீஷில் எப்படிச் சொல்வதென்று அண்ணனுக்குத் தெரியவில்லை. தாளில் ஒரு வீடு வரைந்தார். வீட்டுக்குள் ஒரு கிழவர், பேட்ரிக் டாலி. பக்கத்தில் ஒரு பெண், பிரிட்ஜெட். தூரத்திலிருந்து பையைத் தோளில் போட்டுக்கொண்டு ஒரு ஆள் நடந்து வருகிறான். அவனை அம்புக்குறி போட்டு வீட்டுக்குள் இழுத்துவிட்டார்.

"சார், இது உங்க கொள்ளுத்தாத்தா. பை மட்டும்தான் அவரோடது. வீடு இந்தம்மாவோடது. கல்லறையும் இந்தம்மாவோடது."

க்வின் சார் படத்தைப் பார்த்தார், நகல்களைப் பார்த்தார், மறுபடி படத்தைப் பார்த்தார். "எங்க பழைய மொழியில இதுக்குத் தனியா பேரே இருக்கு, சோலை. உள்ள வந்த மருமகன்னு சொல்லுவாங்க." அந்த மனிதர் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார்.

அண்ணன் எழுந்து நின்றார். "சார், ஒண்ணு சொல்லணும். அந்தப் பாதி கெட்டுப்போகல. நான்தான் மறைச்சேன். டோனர் வீணாகும், அம்மா பேரு தேவையில்லன்னு நினைச்சேன். தப்பு என்னோடது."

இதைச் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. அந்தப் பாதி நிழலில் கெட்டுப்போனது என்றுதான் க்வின் சார் நம்பிக்கொண்டிருந்தார். சொல்லாமல் விட்டிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. அண்ணன் சொன்னார். இதற்காகவே நான் அவரைப் பற்றி எத்தனை பேரிடம் வேண்டுமானாலும் பெருமையாகச் சொல்வேன்.

க்வின் சார் அவர் தோளில் கைவைத்தார். "தப்பு பண்ணவங்க நிறையப் பேர் இருக்காங்க. லீவு முடிஞ்ச மறுநாள் விடியறதுக்கு முன்னால வந்து அதைத் திருத்துனவர் நீங்க ஒருத்தர்தான்."

அன்று சாயங்காலம் நோராவுக்கு அவர் சொன்னது வேறு செய்தி. நகல்களும் அண்ணன் எழுதிய குடும்ப மரமும் ஃபேக்ஸில் போயின. வியாழக்கிழமை கமிட்டி கூடியது. டாலி குடும்பத்துப் பெரியவர் தாள்களை வாங்கிப் படித்துவிட்டு, தங்கள் விண்ணப்பத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டாராம். அவர்கள் பேட்ரிக் டாலியின் தம்பி வழி. மறுநாள் அந்தப் பெரியவரே நோரா வீட்டுக்குப் போய் டீ குடித்திருக்கிறார். அறுபது வருடம் ஒரே சர்ச்சில் பூசை கண்டவர்கள், சொந்தம் என்று தெரியாமலே.

க்வின் சார் வந்து இதைச் சொன்னபோது அண்ணன் விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். "பிரிட்ஜெட்டுக்குச் சித்தப்பன் மகன் அண்ணந்தம்பி மொற. அப்ப அவரு பிள்ளைக, இவக பிள்ளைக... மச்சான். மச்சானுக்கு மச்சான்தான் கீழ வரைக்கும். சார், அந்தப் பெரியவரு உங்களுக்கு மச்சான். நல்லா கேலி பண்ணலாம், தப்பில்ல."

மே மாதம் நோரா இறந்தார். க்வின் சார் அவசர லீவில் போய்விட்டு, பத்து நாள் கழித்துத் திரும்பினார். ஜெராக்ஸ் ரூமில் உட்கார்ந்து பையிலிருந்து ஒரு ஃபோட்டோ எடுத்துக் கொடுத்தார். மேற்குச் சுவர், பழைய கல், அதன் கீழே புதுமண். கல்லில் பேட்ரிக் டாலி பெயருக்குக் கீழே புதிதாக மூன்று பெயர் வெட்டியிருந்தார்கள். மகள் பிரிட்ஜெட், அம்மா, நோரா.

"அம்மாவுக்கும் சுவருக்கும் நடுவுல சரியா ஒரு ஆளுக்குத்தான் இடம் இருந்துச்சு, சோலை. அளவெடுத்து வச்ச மாதிரி."

அண்ணன் அந்தப் பெயர்களை ஒவ்வொன்றாக விரலால் தடவிப் படித்தார். ஃபோட்டோவை மெஷினுக்கு மேல் சுவரில் ஒட்டினார். நான் கேம்ப்பை விட்டு வரும்வரை அது அங்கேயே இருந்தது.

அந்த வெள்ளிக்கிழமை போன் வரிசையில் மறுபடி நான் அவருக்குப் பின்னால்தான் நின்றேன். கையில் மடித்த டிராயிங் தாளும் பேனாவும் இருந்தன. பட்டியலில் ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் புதிதாக ஒரு கோடு இழுத்திருந்தார்.

"ராக்கு, உங்காத்தா பேரு தெரியும். அவுகளப் பெத்தவுக பேரு என்ன?"

"எதுக்கு?"

"எழுதத்தான்."

"சிவராத்திரில வாசிக்கிறப்ப உங்க பங்காளிக சிரிப்பாய்ங்க. சவுதிக்குப் போயி பொண்டாட்டி பேச்சுக் கேக்க ஆரம்பிச்சுட்டான்னு சொல்லுவாய்ங்க."

"நெசந்தான? சொல்லிட்டுப் போகட்டும். நீ பேரச் சொல்லு."

அண்ணி தன் அம்மாவில் ஆரம்பித்தார்கள். அம்மாவைப் பெற்றவள், அவள் கூடப் பிறந்தவர்கள், அவர்கள் கட்டிப்போன ஊர்கள். பிறகு அண்ணனின் அப்பத்தா கூடப் பிறந்த அக்கா தங்கச்சிகள் நான்கு பேர், அண்ணனுக்கே தெரியாதவர்கள். எங்கே கல்யாணம் ஆனது, யார் பெயரை யாருக்கு வைத்தார்கள், எல்லாம் அண்ணி வாயிலேயே இருந்தது. அண்ணன் தாளைச் சுவரில் அழுத்தி எழுதிக்கொண்டே இருந்தார். கார்டு தீர்ந்தது. என்னைத் திரும்பிப் பார்த்தார்.

நான் என் கார்டை அவர் கையில் கொடுத்துவிட்டு வரிசையிலிருந்து விலகி நின்றுகொண்டேன்.